செல்வராணி வீட்டுக்கு யாரை அனுப்புவது

நான் வேலை பார்த்த கல்லூரியின் சமூகப்பணித் துறையிலிருந்து சென்ற மாதம் ஓர் இளம் ஆசிரியை போன் செய்தார். மாணவர்கள் களப்பணிக்குப் போய்வந்து எழுதும் பதிவேட்டை இனி நோட்டில் எழுத வேண்டாம், போனிலேயே நிரப்பலாம் என்று ஏற்பாடு செய்கிறார்களாம். படிவத்தில் இரண்டு கட்டங்களுக்குத்தான் இடமாம்.

"உங்க காலத்துல மூணு பத்தி இருந்துச்சே மேடம். கண்டது, கேட்டது, நினைத்தது. எதை எடுத்துடலாம்?" என்று மராட்டியில் கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை; எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் ஏன் என்று சொல்ல, புனேயில் கட்கி என்ற பகுதியில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது போனில் முடிகிற பேச்சில்லை. பெயர்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. கணவருக்கு வங்கியில் மாற்றலானதால் புனேவுக்கு வந்தேன். நகரின் கேம்ப் பகுதியில் இருந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நான்கு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பிறர் எழுதிய செய்தியில் பெயர், ஊர், எண்ணிக்கை சரிதானா என்று பார்ப்பதுதான் வேலை. பிறகு சமூகப்பணியில் முதுகலை படித்தேன், தேறினேன், படித்த துறையிலேயே களப்பணி மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே அறை.

எங்கள் பாடத்தில் வகுப்பு பாதிதான். செவ்வாயும் வியாழனும் மாணவர்கள் வெளியே போக வேண்டும். மருத்துவமனை, சிறுவர் இல்லம், குடிசைப் பகுதியில் வேலை செய்யும் அமைப்பு என்று ஆளுக்கொரு இடம் ஒதுக்குவோம். போய்வந்ததை மறுநாள் காலைக்குள் எழுதித் தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை, ஒவ்வொருவரோடும் தனியாக இருபது நிமிடம் பேசுவோம். சமூகப்பணியை உண்மையில் சொல்லிக்கொடுப்பது அந்த இருபது நிமிடத்தில்தான்.

இதையெல்லாம் வகுத்தவர் அப்போதைய துறைத் தலைவர். பழைய ஆசிரியைகளை மராட்டியில் 'பாயி' என்று மரியாதையாக அழைப்பார்கள். நாங்கள் அவரைப் பர்வே பாயி என்போம். குள்ளமான உருவம், பருத்திப் புடவை, குரலை உயர்த்தியே கேட்டதில்லை. எதிரே உட்காரச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். இருபது நிமிடம் முடிந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்வார். அழுகிற மாணவிக்கும் அதே இருபதுதான். சிவப்பு மையைத் தொட மாட்டார், பென்சில்தான். 'பாவம்', 'மகிழ்ச்சியாக இருந்தார்', 'ஏழ்மையில் வாடும்' என்ற மாதிரி வார்த்தைகளுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் "யார் சொன்னது?" என்று எழுதுவார்.

சேர்ந்த முதல் வாரம் என்னையே கட்கிக்குப் பக்கத்துத் தாபோடியில் ஒரு வீட்டுக்குப் போய் எழுதிவரச் சொன்னார். பத்திரிகைப் பழக்கத்தில் முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் அடக்கி, பெருமையோடு நீட்டினேன். படித்துவிட்டுக் கேட்டார்:

"வீட்டுல கடிகாரம் இருந்ததா?"

"கவனிக்கல பாயி."

"இருந்தா அது ஓடிச்சா?"

பாயி நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"எத்தனை தலையணை?"

அதுவும் தெரியவில்லை.

"நீ அந்த வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே தலைப்பு எழுதிட்டே" என்றார். நோட்டைத் திருப்பித் தந்து மறுபடி போகச் சொன்னார். போனேன். ஒன்பது பேர் இருந்த வீட்டில் நான்கு தலையணை. கடிகாரம் இருந்தது, ஓடியது, பத்து நிமிடம் முன்னால். வேலைக்குப் போகிறவர் பஸ்ஸைத் தவறவிடாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

பாயியிடமிருந்து நான் வாங்கி, பிறகு என் மாணவர்களுக்குக் கொடுத்த விதிகள் எளியவை. அவர்கள் செருப்பு விடும் இடத்தில் செருப்பை விடு. காட்டிய இடத்தில் உட்கார். தண்ணீர் கொடுத்தால் குடி. வீட்டுக்குள் நோட்டைத் திறக்காதே. 'பார்க்கிறேன்' என்று சொல்லாதே. கேட்பவர் அதைச் செய்கிறேன் என்றே எடுத்துக்கொள்வார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் வாக்குக் கொடுக்காதே; என் மேடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு.

முதலாண்டு மாணவர்களுக்கு முதல் பயிற்சி, ஒரு ரேஷன் கடை எதிரே ஒரு மணி நேரம் நின்று பார்த்ததை மட்டும் எழுதுவது. ஒரு வருடம் ஒரு பையன் மூன்று பக்கம் எழுதிவந்தான், கடையில் ஊழல் தலைவிரித்தாடுகிறது என்று. அன்று கடைக்கு விடுமுறை. அவன் போகவே இல்லை. இப்போது அவன் ஒரு மாவட்டத்தில் நல்ல அதிகாரியாக இருக்கிறான். சந்திக்கும்போதெல்லாம் ரேஷன் கடை பற்றி விசாரிப்பேன்.

பர்வே பாயி ஓய்வு பெற்றார். அவர் நாற்காலிக்கு வேறு பலர் வந்தார்கள். மேசையில் கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் பழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடமாகிவிட்டது, இனி எனக்குத் தெரியாமல் ஒரு பதிவேட்டில் எதுவும் நழுவாது என்று நம்பிய நேரத்தில், ஓய்வுக்கு மூன்று வருடம் முன்பு, நித்யா வந்தாள்.

கோயம்புத்தூர்க் குடும்பம். அப்பா ஐ.டி. வேலைக்காகப் புனே வந்தபோது அவளுக்கு எட்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பத்து நிமிடத்தில் யாரையும் சிரிக்க வைத்துவிடுவாள். அந்த வருடம் அவளையும், சாத்தாராப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த சாகர் என்ற மாணவனையும் கேம்ப்பில் அலுவலகம் வைத்திருந்த ஓர் அமைப்புக்கு அனுப்பினேன். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த அமைப்பின் வேலை. தினமும் காலையில் வெறும் வயிற்றில், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும், அங்கேதான் ஆபத்து. குணமாகிவிட்டது என்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மாத்திரைக்குப் பழகிவிடும். பிறகு அதே மாத்திரை கேட்காது. பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டும்.

அமைப்பின் நர்ஸ் ஒரு பட்டியல் தந்தார். அதில் கட்கியில் ஒரு தமிழ் வீடு. செல்வராணி, ஐம்பதைத் தாண்டியவர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். கணவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அந்த அம்மா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. தமிழ்ப் பொண்ணு போனா நல்லது" என்றார் நர்ஸ். என் முன்னால் நித்யா உட்கார்ந்திருந்தாள். அரை நிமிடத்தில் முடிவு செய்தேன். செல்வராணியிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்தோறும் நித்யா போனாள். கேம்ப் அலுவலகத்திலிருந்து அந்த வாரத்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, தீர்ந்த அட்டையைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது தொந்தரவா என்று கேட்டு வருவது அவள் வேலை. முதல் வாரம் கண்டது பத்தியில் பதினான்கு வரி எழுதியிருந்தாள். இரண்டு அறை; மடக்கி வைத்த கட்டில்; பிரிட்ஜின் மேல் மாத்திரை அட்டை, அதில் தீர்ந்தவை எத்தனை, மீதி எத்தனை. நினைத்தது பத்தியில் இரண்டே வரி. அருமையான பதிவு.

ஆறாவது வாரம் கண்டது மூன்று வரியாகிவிட்டது. அதிலும் ஒரு வரி வடகறி. நினைத்தது ஒரு முழுப் பக்கம். 'செல்வராணி அம்மா' என்று எழுதியவள் 'ராணியத்தை' என்று எழுத ஆரம்பித்திருந்தாள். ஒன்பதாவது வாரம் இப்படி ஒரு வரி வந்தது: "வீட்டில் தங்கியிருக்கும் பெண் இன்று என் நட்சத்திரம் கேட்டார்."

அந்த இருபது நிமிடத்தில் நான் கேட்டது இதுதான்:

"சொன்னியா?"

"எனக்கே தெரியாதுங்க மேம். அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுத்தான் மிருகசீரிஷம்னு சொன்னேன்."

"பையன் எங்க இருக்கானாம்?"

"துபாய்லயாம் மேம். நல்ல உயரமாம்."

இருவரும் சிரித்தோம். கடிகாரம் மேசையில்தான் இருந்தது. மாத்திரை கொடுக்க வரும் கல்லூரி மாணவியிடம் அந்த வீட்டில் ஏன் நட்சத்திரம் கேட்கிறார்கள், அவளை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. தமிழில் நடந்த ஒரே வீட்டின் கதை அது. என் அறையில் வருடக்கணக்காக மராட்டியும் ஹிந்தியும் ஆங்கிலமுமே கேட்டிருந்தேன். வடகறியும் மிருகசீரிஷமும் எனக்குச் சுகமாக இருந்தன. வேறு காரணமில்லை.

நவம்பரில் பெரியப்பா மகள் கல்யாணத்துக்காக நித்யா ஒரு வாரம் கோயம்புத்தூர் போனாள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாகரை அனுப்பினேன். அவன் அதிகம் பேச மாட்டான். பதிவேடு வறண்டு கிடக்கும். கொஞ்சம் மந்தம் என்றுதான் அவனைப் பற்றி என் எண்ணம். மறுநாள் காலை பதினொரு வரி எழுதிக் கொடுத்தான். அதன் நடுப்பகுதி:

"கண்டது: கதவு பாதி திறந்திருந்தது. என்னை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். கேட்டது: 'நீ மதராசியா?' 'இல்லை, சாத்தாரா.' 'தமிழ் தெரியுமா?' 'தெரியாது.' 'இந்தப் பக்கம் யாரையாவது தெரியுமா?' 'யாரையும் தெரியாது.' பிறகு உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண்டது: அரிசி டிரம்முக்குள்ளிருந்து ஐந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. நினைத்தது: எனக்குப் பயமாக இருந்தது."

ஐந்து அட்டை என்றால் ஐந்து வாரம். அவனைக் கூப்பிட்டேன்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னியா?"

"இல்ல மேடம். என் மேடத்துக்குச் சொல்லணும்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"மேடம் மதராசியான்னு கேட்டாங்க."

"நீ?"

"ஆமான்னேன். 'அரே தேவா'ன்னு தலையில கை வச்சுட்டாங்க." கொஞ்சம் தயங்கினான். "அந்த மேடம் இங்க வரவே கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க."

"இதை ஏன் எழுதல?"

"உங்களைப் பத்தினது மேடம்."

"கேட்டதுதானே? எழுது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினான். அவனைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தையும் அன்று மாற்றிக்கொண்டேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லாத அந்த நேரத்தில் செல்வராணி ஹிந்தியில் அவனிடம் சொன்னது இது. மகளுக்குத் தாபோடியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். அதனால் அவன் அக்கா கலா, அந்தச் சமயம் முழுவதும் இவர்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். கணவருக்கும் மகளுக்கும் நோய் தெரியும். மாத்திரை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலா இருக்கும்போது பிரிட்ஜின் மேல் அட்டையை வைக்க முடியாது. மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; கழிவறையோ ஒன்றே ஒன்று. உடம்பும் தேறிவிட்டது. நிறுத்திவிட்டார். தமிழ் பேசுகிற யாரிடம் சொன்னாலும் தாபோடிவரை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் பையோடு வரும் பெண் யார் என்று கலா கேட்டபோது, சித்தப்பா பேத்தி, கோயம்புத்தூர்க்காரி, இங்கே படிக்கிறாள் என்று சொல்லிவிட்டார். நித்யாவின் தமிழைக் கேட்டவர் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. வடகறியும் நட்சத்திரமும் அப்படி வந்தவை.

அன்று மதியமே நர்ஸுக்குச் சொன்னேன். வியாழக்கிழமை நர்ஸும் சாகரும் போனார்கள். கல்யாண ஜவுளி பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுச் செல்வராணி கேம்ப்புக்கு வந்தார். சளிப் பரிசோதனையில் கிருமி இருந்தது. நல்லவேளையாக மாத்திரைக்கு இன்னும் கட்டுப்பட்டது. முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நித்யா திரும்பி வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"என்னை வச்சு நாடகம் ஆடியிருக்காங்க மேம்."

"ஆமா. நீயும் நானும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தோம்."

"எனக்கு வேற வீடு மாத்திக் குடுங்க. நான் அங்க போக மாட்டேன்."

"உன் நோட்டை எடு. முதல் வாரத்திலேருந்து கண்டது பத்தியை மட்டும் வாய்விட்டுப் படி."

படித்தாள். நான்காவது வாரத்தில் குரல் இறங்கியது. ஏழாவது வாரத்தில் ஒரு வரிதான் இருந்தது. அதைப் படித்துவிட்டு நிறுத்தினாள்.

"பழைய அட்டையைக் காட்டச் சொல்லி எப்ப கடைசியா கேட்ட?"

"ஆறாவது வாரம்னு நினைக்கிறேன். அதுக்கப்புறம் கேக்கக் கூச்சமா இருந்துச்சு மேம். சோறு போடுறவங்ககிட்ட எப்படி..."

சமூகப்பணி மாணவர்கள் செய்யும் தவறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிடிக்காத வீட்டில் செய்யும் தவறுகள் உடனே கண்ணில் படும். பிடித்துப்போன வீட்டில் செய்பவை அப்படிப் படுவதில்லை. அவளை அங்கே அனுப்பிய தவறு என்னுடையது என்று நர்ஸுக்கும் துறைத் தலைவருக்கும் எழுதிக் கொடுத்தேன். அட்டையைக் கேட்காதது உன்னுடையது, எழுது என்றேன். எழுதினாள். அழவில்லை. வீட்டையும் மாற்றிக் கொடுக்கவில்லை.

அடுத்த சிக்கல், தினமும் மாத்திரையை எங்கே சாப்பிடுவது. தைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சளியில் கிருமி இல்லை என்று அதற்குள் வர வேண்டும் என்றால் ஒரு நாள்கூட விட முடியாது. வீட்டில் கலா இருக்கிறாள். நர்ஸ் இரண்டு மூன்று யோசனை சொன்னார், ஒன்றும் சரிப்படவில்லை. வழி கிடைத்தது நித்யாவின் பதிவேட்டில்தான், கேட்டது பத்தியில். ஒரு வாரம் செல்வராணி சொன்ன ஒரு புலம்பலை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்: 'வூட்ல இத்தினி பேரு இருந்தும் காலைல ஆறரைக்கு டைரிக்குப் போய் பால் வாங்கியார என்னை வுட்டா யாரு? எல்லாம் தூங்குதுங்க.'

அந்தப் பால் டைரிக்காரர் ஒரு வயதான மராட்டியர். செல்வராணியின் சம்மதத்தோடு நர்ஸ் அவரிடம் பேசினார். அவருக்குத் தமிழர் யாரோடும் பால் கணக்கைத் தவிர வேறு பேச்சில்லை என்பதுதான் செல்வராணிக்குப் பெரிய தகுதியாகப் பட்டது. மறுநாளிலிருந்து பனீர் டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டை இருந்தது. அவர் தண்ணீர் கொடுப்பார், இவர் விழுங்குவார், அவர் அட்டையில் தேதி எழுதுவார், அதன் பிறகுதான் பால்.

நித்யா ஒரு முறையாவது போயாக வேண்டும் என்றேன். உறவுக்காரியாக இனிமேல் போக முடியாது. நோய் செல்வராணியின் ரகசியம். அதை இவள் வெளியே சொல்ல முடியாது. பொய்க்குத் தலையாட்டவும் முடியாது. கலா இல்லாத நேரம் பார்த்துப் போனாள். பேச்சை அப்படியே எழுதியிருந்தாள்.

"அத்தை... செல்வராணிம்மா. நான் உங்க சித்தப்பா பேத்தி இல்லீங்க."

"எனுக்குத் தெரியாதா?"

"யாராச்சும் கேட்டா இனி ஆமான்னு சொல்ல மாட்டேனுங்க. யாருன்னும் சொல்ல மாட்டேன்."

"அப்ப இன்னா சொல்லுவ?"

"உங்ககிட்டயே கேட்டுக்கச் சொல்லுவேன்."

"கெட்டிக்காரிதான். என் தலையில கட்டிட்டுப் போற."

அன்று டீ கப் அண்ட் சாஸரில் வந்தது என்று கண்டது பத்தியில் எழுதியிருந்தாள். அதுவரை வீட்டு ஆட்களுக்கான எவர்சில்வர் டம்ளரில்தான் வந்துகொண்டிருந்தது. கீழே கோடு போட்டு 'நன்று' என்று எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரை இல்லாத அந்த வாரங்களில் யார் யார் அந்த வீட்டில் படுத்துத் தூங்கினார்களோ அத்தனை பேருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கணவர், மகள் எடுத்துவிட்டார்கள். மிச்சம் கலா. செல்வராணி நித்யாவிடம் கெஞ்சினார்: "நீ சொல்லிடும்மா. நீ படிச்ச பொண்ணு, பக்குவமா சொல்லுவ." நித்யாவுக்கும் சொல்லிவிட ஆசை. நான் கூடாது என்றேன். மகளைக் கொடுக்கப் போகிற வீட்டுக்கு இந்த விஷயம் ஒரு கல்லூரி மாணவி வாயால் போய்ச் சேர்ந்தால், மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு நிற்கும். செல்வராணி வாயால் போனால் கோபம் மட்டும்தான் வரும்.

நர்ஸ் ஞாயிற்றுக்கிழமைவரை கெடு கொடுத்தார். அதற்குள் செல்வராணி சொல்லாவிட்டால் அவரே போய்ச் சொல்லியாக வேண்டும். கலாவின் உடம்பு சம்பந்தப்பட்டது. சனிக்கிழமை காலை செல்வராணி கலாவை எழுப்பி, பால் வாங்க வருகிறாயா என்று கூட்டிப்போனார். டைரியில் நின்று, எப்போதும்போல் கையை நீட்டினார். டைரிக்காரர் தயங்கினாராம். "தோ பையா" என்று ஹிந்தியில் கேட்டு வாங்கி, அவள் கண்முன்னாலேயே விழுங்கினார்.

"இது இன்னா மாத்திரை அத்தை?"

"டி.பி.க்கு."

"யாருக்கு டி.பி.?"

"எனுக்குத்தான். நீ இருக்கியேன்னு ஐஞ்சு வாரம் திங்காம வுட்டேன். நீயும் போய் எக்ஸ்ரே எடுக்கணும்."

கலா பால் பாக்கெட்டைக் கல்லாமேலேயே வைத்துவிட்டு நடந்தாள். மத்தியானம் பெட்டியோடு தாபோடியில் பாதி கட்டிய வீட்டுக்கே போய்விட்டாள்.

ஒன்பது நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் இல்லை. செல்வராணியின் மகள் அம்மாவோடு பேசவில்லை. நித்யா தினமும் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நாம பண்ணினது தப்புங்களா மேம்?"

"மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறாங்க. டைரிக்காரர் தேதி போட்டிருக்கார்."

"அதை எழுது."

வெளியே இப்படிச் சொன்னேனே தவிர, ஒவ்வொரு நாளும் நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால், விதிப்படிதான் செய்தோம் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பத்தாம் நாள் மாப்பிள்ளையே செல்வராணி வீட்டுக்கு வந்தான், கையில் எக்ஸ்ரே உறையோடு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "அக்காவுக்கு ஒண்ணுமில்ல. ஆனா கோவம் போகல" என்றான். பிறகு, "இன்னும் எத்தினி மாசம் அத்தை?" என்று கேட்டான். செல்வராணி விரல் விட்டுச் சொன்னார். "நடுவுல வுட்டுடாதீங்க" என்றான். மார்கழியில் எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. தையில் கல்யாணம் நடந்தது. கலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். பந்தியில்தான் முதல் வார்த்தை பேசினாளாம், சாம்பாரில் உப்பு இல்லை என்று.

அதற்கு முன்பு கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கேம்ப் அலுவலகத்துக்கே வந்திருந்தார் செல்வராணி. "மாத்திரைக்கு அந்தப் பையன் வரட்டும். கல்யாணத்துக்கு இந்தப் பொண்ணு வரட்டும்" என்று பங்கு பிரித்தாராம். களப்பணி முடிவதற்குள் யாரும் விருந்துக்குப் போகக் கூடாது என்பது விதி. இரண்டு பேரையும் அனுப்பவில்லை. நித்யாவுக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இப்போது அவளே ஒரு மருத்துவமனையில் மாணவர்களுக்கு மேற்பார்வை செய்கிறாள், அவளும் அனுப்புவதில்லை என்று கேள்வி.

அடுத்த வருடத்திலிருந்து எந்த வீட்டுக்கும் ஆளை ஒதுக்குமுன் ஒரு கேள்வி கேட்க வைத்தேன்: உங்கள் மொழிக்காரர் வரட்டுமா, வேறு மொழிக்காரர் வரட்டுமா? சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். வேறு மொழி என்று சொன்னவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். ஒரு மராட்டியப் பெண்மணி தெளிவாகவே சொன்னார்: "எங்க ஆளு வந்தா முதல்ல எந்த ஊருன்னு கேப்பான். அதுக்கப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?"

செல்வராணி ஆறு மாதத்தையும் முடித்தார். கடைசிப் பரிசோதனைக் காகிதத்தை வாங்க ஜூன் மாதம் கேம்ப்புக்கு வந்த அன்று நானும் அந்த அலுவலகத்தில் இருந்தேன். புது மாணவர்களுக்கு இடம் பேசப் போயிருந்தேன். என்னை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நீங்கதானா அந்த மதராசி மேடம்?" என்று தமிழில் கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை.

நர்ஸ் சலித்துக்கொண்டிருந்தார். பின் சந்தில் ஒரு பெண் மூன்று வாரமாக மாத்திரை வாங்க வரவில்லை. யார் போனாலும் கதவைத் திறப்பதில்லை. தமிழ்க் குடும்பம்.

செல்வராணி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "எந்த வூடு? காட்டு, நான் கேக்குறேன்" என்று ஹிந்தியில் சொன்னார். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

சந்து முனையில் நானும் நர்ஸும் நின்றுகொண்டோம். செல்வராணி மட்டும் போனார். கதவுக்கு முன்னால் புடவைத் தலைப்பை வட இந்தியப் பெண்கள் போல் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். தட்டினார்.

உள்ளேயிருந்து தமிழில் ஒரு குரல் கேட்டது: "யாரு?"

"தமிழ் நஹீ ஆத்தி, பெஹன்ஜி" என்றார் செல்வராணி. "மைனே பீ வோ கோலி காயீ ஹை. பூரே சே மஹீனே."

எனக்குத் தமிழ் தெரியாது அக்கா, நானும் அந்த மாத்திரை சாப்பிட்டவள்தான், முழுசாக ஆறு மாதம். அவ்வளவுதான் சொன்னார். அவர் மறுபடி தட்டவில்லை, காத்திருந்தார். பிறகு உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.